வெளிநாட்டு வேலை: பணி அனுமதி எது, சம்பளம் எவ்வளவு? சித்தூர், திருப்பதி பகுதியினர் அறிந்திருக்க வேண்டியவை

திருப்பதி: ஆந்திர மாநிலத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலிருந்து குவைத், ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலை தேடிச் செல்வோர் பலர். நகையை அடகு வைத்தும், நிலத்தை விற்றும், வட்டிக்குக் கடன் வாங்கியும் முகவரிடம் பணம் கட்டிவிட்டு விமானம் ஏறும் இவர்களில் கணிசமானோருக்கு, தங்கள் கடவுச்சீட்டில் பதியப்படும் அனுமதி எத்தகையது, அது எந்த வேலைக்கு உரியது, அதன்படி கிடைக்க வேண்டிய சம்பளம் எவ்வளவு என்ற விவரங்கள் புறப்படும் நாள் வரை தெரிவதில்லை. இந்த மூன்றையும் ஊரிலேயே சரிபார்த்துக் கொள்ளச் சட்டத்தில் வழி உள்ளது. அதற்கான விவரங்கள் இங்கே தொகுத்து அளிக்கப்படுகின்றன.

எல்லையோர மாவட்டங்களின் நிலை

சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த சித்தூர் மாவட்டம், 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் உள்ளிட்ட பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் தனியாக அமைக்கப்பட்டது.

ராயலசீமா பகுதியில் கடப்பா மாவட்டமும் அதையொட்டிய ராஜம்பேட்டை, ராயச்சோட்டி பகுதிகளும் குவைத்துக்குப் பெருமளவில் தொழிலாளர்களை அனுப்பி வருபவை. அந்தத் தொடர்பு சித்தூர், திருப்பதி வட்டாரங்களிலும் பரவியுள்ளது. மறுபுறம், தமிழ் பேசுவோருக்குச் சிங்கப்பூரும் மலேசியாவும் பழகிய நாடுகளாக உள்ளன. இதனால் வளைகுடா, தென்கிழக்கு ஆசியா ஆகிய இரு திசைகளிலிருந்தும் முகவர்களின் விளம்பரங்கள் இப்பகுதிக்கு வருகின்றன. இரண்டுக்கும் விதிகள் வேறு என்பதை உணராததே பல ஏமாற்றங்களுக்குத் தொடக்கமாக அமைகிறது.

முதல் கேள்வி: கடவுச்சீட்டு எந்த வகை?

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, இந்தியக் கடவுச்சீட்டுகள் குடிபெயர்வு அனுமதி தேவைப்படுபவை, தேவைப்படாதவை என இரு வகையாகப் பார்க்கப்படுகின்றன. முதல் வகை ஈ.சி.ஆர். எனப்படுகிறது. பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றவர்கள், 50 வயதைக் கடந்தவர்கள், வருமான வரி செலுத்துவோர், ஏற்கெனவே மூன்று ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருந்தவர்கள் உள்ளிட்டோர் இதிலிருந்து விலக்குப் பெறுகின்றனர். பத்தாம் வகுப்பு தேறியிருந்தும் சான்றிதழை இணைக்காமல் விண்ணப்பித்து, ஈ.சி.ஆர். முத்திரையுடன் கடவுச்சீட்டு பெறுவோரும் உள்ளனர். திருப்பதியில் இயங்கும் கடவுச்சீட்டு சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதே கல்விச் சான்றிதழை அளிப்பது நல்லது.

ஈ.சி.ஆர். கடவுச்சீட்டு உள்ளோர் குவைத், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, ஜோர்டான், லெபனான், ஈராக் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் முன், குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெறுவது கட்டாயம். ஹைதராபாத், சென்னை ஆகிய இரு நகரங்களிலும் பாதுகாவலர் அலுவலகங்கள் உள்ளன. விண்ணப்பங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளம் வழியே பரிசீலிக்கப்படுகின்றன. சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அங்கு செல்வோருக்கு இந்த அனுமதி தேவையில்லை. அதே காரணத்தால் ஒப்பந்தத்தை இந்திய அதிகாரி ஒருவர் பார்த்துச் சரிபார்க்கும் கட்டமும் அவர்களுக்கு இல்லை. சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் செல்பவரையே சேர்கிறது.

பெயர் எழுதும் முறையிலும் கவனம் தேவை. தமிழ்க் குடும்பங்களில் தலைப்பெழுத்தும் பெயரும், தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப் பெயரும் பெயரும் என வழக்கம் மாறுபடுகிறது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு ஒரே பெயருடன் இருப்போரைச் சுற்றுலா, வருகை விசாக்களில் ஏற்பதில்லை என 2022ஆம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தலைப்பெழுத்தை விரித்து எழுதி, கல்விச் சான்று, ஆதார், கடவுச்சீட்டு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கச் செய்வது பின்னாளில் வரும் தடைகளைத் தவிர்க்கும்.

முகவருக்குச் செலுத்த வேண்டியது எவ்வளவு?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் எவரும் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல், பதிவு எண், அது நடப்பில் உள்ளதா என்ற விவரம் ஆகியவற்றை இ-மைக்ரேட் தளத்தில் எவரும் பார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் வேலை தேடுவோரிடமிருந்து பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். அதன் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேரும்போது மொத்தம் 35,400 ரூபாய் ஆகிறது. இத்தொகைக்கு ரசீது அளிக்க வேண்டும்.

கிராமங்களில் நேரில் வந்து பேசுவோர் பெரும்பாலும் பதிவு பெற்ற முகவர்கள் அல்லர். அவர்களுக்காக ஆள் பிடித்துத் தரும் துணை முகவர்களே ஆவர். துணை முகவர் என்ற நிலைக்குச் சட்ட ஏற்பு இல்லை. உறவினர், அதே ஊர்க்காரர், முன்பு அந்த நாட்டில் வேலை பார்த்தவர் என்ற அறிமுகத்துடன் அவர்கள் வருவதால் ரசீது கேட்கப் பலர் தயங்குகின்றனர். பின்னர் புகார் அளிக்கும்போது பணம் கொடுத்ததற்கான சான்று இல்லாமல் போவதற்கு இந்தத் தயக்கமே காரணம். வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ பணம் செலுத்துவது குறைந்தபட்சப் பாதுகாப்பாகும்.

குவைத்: பதினெட்டா, இருபதா?

குவைத் செல்வோர் முதலில் கேட்க வேண்டியது, விசா எந்தப் பிரிவின் கீழ் வழங்கப்படுகிறது என்பதே. தனியார் நிறுவன ஊழியர்களுக்கு 18ஆம் பிரிவின் கீழும், வீட்டுப் பணியாளர்களுக்கு 20ஆம் பிரிவின் கீழும் தங்கும் அனுமதி வழங்கப்படுகிறது. ஓட்டுநர், சமையல்காரர், தோட்டக்காரர், குழந்தை பராமரிப்பாளர் என வீட்டில் வேலை செய்வோர் அனைவரும் இரண்டாவது வகையில் அடங்குவர்.

கடையில் வேலை எனக் கூறி 20ஆம் பிரிவு விசாவில் அனுப்புவதும், 'ஃப்ரீ விசா' என்ற பெயரில் யாரோ ஒருவரின் வீட்டுப் பணியாளராகப் பதிந்து வெளியில் எங்கு வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் எனக் கூறுவதும் இப்பகுதியில் நெடுங்காலமாக நிலவும் வழக்கம். குவைத் சட்டத்தில் 'ஃப்ரீ விசா' என ஒன்று இல்லை. அனுமதியளித்த முதலாளியைத் தவிர வேறொருவரிடம் வேலை பார்ப்பவர் பிடிபட்டால் நாடு கடத்தப்படலாம். முதலாளி 'ஓடிப்போனவர்' எனப் புகார் அளித்துவிட்டால் தங்கும் உரிமையே போய்விடும். குவைத் அரசு 2018ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் பொது மன்னிப்பு அறிவித்தபோது, ஆவணம் இழந்து நின்றவர்களில் ஆந்திர மாநிலத்தவரும் இருந்தனர்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, குவைத்தில் தனியார் துறையினருக்குக் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 75 தினார் என 2017ஆம் ஆண்டு நிர்ணயிக்கப்பட்டது. வீட்டுப் பணியாளர்களுக்கு 60 தினார் என 2016ஆம் ஆண்டு நிர்ணயிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டப்படி வீட்டுப் பணியாளருக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 12 மணி நேர வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுப்பு ஆகியவை உரிமைகளாகும். கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வதையும் அச்சட்டம் தடை செய்கிறது. வீட்டுப் பணியாளர்கள் தொடர்பாக இந்தியாவும் குவைத்தும் 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன.

இவை தவிர, ஈ.சி.ஆர். நாடுகளுக்குச் செல்வோருக்காக வேலை வாரியாகக் குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை இந்திய அரசும் வகுத்துள்ளது. ஒப்பந்தத்தில் உள்ள தொகை அதற்குக் குறைவாக இருந்தால் குடிபெயர்வு அனுமதி கிடைப்பது கடினம். இதனாலேயே சில முகவர்கள் அனுமதிக்காக ஓர் ஒப்பந்தத்தையும், அங்கு சென்றபின் கையெழுத்திட அதைவிடக் குறைந்த சம்பளம் கொண்ட வேறோர் ஒப்பந்தத்தையும் தயாரிக்கின்றனர். இ-மைக்ரேட்டில் பதிவான ஒப்பந்தத்தின் நகலைப் புறப்படும் முன் பெற்று, ஒரு பிரதியை வீட்டிலும் வைத்துவிட்டுச் செல்வது அவசியம்.

பெண் பணியாளர்களுக்கான தனி விதிகள்

ஈ.சி.ஆர். கடவுச்சீட்டு கொண்ட, 30 வயது நிறைவடையாத பெண்கள் இந்த 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்ல அனுமதி இல்லை. 30 வயதைக் கடந்தவர்களையும் தனியார் முகவர்கள் அனுப்ப முடியாது. மாநில அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ளது. ஆந்திரத்தில் இப்பொறுப்பு, 'ஓம்கேப்' எனப்படும் ஆந்திரப் பிரதேச வெளிநாட்டு மனிதவள நிறுவனத்திற்கு உரியது. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இதே பணியைச் செய்கிறது.

ஆகவே தனியார் முகவர் ஒருவர் பெண்ணுக்கு வளைகுடாவில் வீட்டு வேலை வாங்கித் தருவதாகக் கூறினால், அவர் சட்ட வழியில் செல்லவில்லை என்பது அங்கேயே தெளிவாகிறது. இத்தகையோர் பெண்களை வருகை விசாவில் முதலில் துபாய்க்கு அனுப்பி, அங்கிருந்து வேறு நாட்டிற்கு மாற்றுவது அடிக்கடி புகாருக்குள்ளாகும் முறையாகும். அவ்வாறு சென்றவரின் பெயர் இந்திய அரசின் எந்தப் பதிவிலும் இராது. துன்பம் நேர்ந்தால் அவர் எங்கே இருக்கிறார் எனக் கண்டறிவதே தூதரகத்திற்குப் பெரும் பணியாகிவிடும்.

சிங்கப்பூர்: மூன்று அனுமதிகள், மூன்று சம்பளங்கள்

சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு வழங்கப்படும் பணி அனுமதிகளில் முக்கியமானவை மூன்று. உடலுழைப்பு, இடைநிலைத் திறன் சார்ந்த வேலைகளுக்கு வொர்க் பெர்மிட். தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு எஸ் பாஸ். நிர்வாகம், தொழில்முறைப் பணிகளுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ். மூன்றுக்கும் விண்ணப்பிப்பது அங்குள்ள முதலாளியோ அவர் நியமித்த முகவரோ ஆவர். வேலை தேடுபவர் தாமாக விண்ணப்பிக்க முடியாது.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெற, 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்கு மாதச் சம்பளம் குறைந்தது 5,600 சிங்கப்பூர் டாலராக இருக்க வேண்டும். நிதித்துறையில் இது 6,200 டாலர். வயது கூடக் கூட இந்த வரம்பும் உயர்ந்து, 45 வயதில் 10,700 டாலரை எட்டுகிறது. இத்துடன் 2023 செப்டம்பர் முதல் 'காம்பஸ்' என்ற புள்ளி முறையும் நடைமுறையில் உள்ளது. சம்பளம், கல்வித் தகுதி, நிறுவனத்தில் உள்ள நாட்டினரின் கலவை, உள்ளூர்வாசிகளுக்கு அந்நிறுவனம் தரும் வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டு, 40 புள்ளிகள் பெற்றால்தான் அனுமதி கிடைக்கும். ஆகவே பட்டம் மட்டும் போதும் என்ற உறுதிமொழி உண்மையன்று.

எஸ் பாஸ் பெற, 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 டாலர். நிதித்துறைக்கு 3,800 டாலர். இதிலும் வயதுக்கேற்ப வரம்பு உயர்கிறது. இந்த அனுமதிக்காக முதலாளி மாதந்தோறும் அரசுக்கு 650 டாலர் தீர்வை செலுத்த வேண்டும்.

வொர்க் பெர்மிட்டுக்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் எதுவும் சிங்கப்பூரில் இல்லை. எந்தத் துறையில் வேலை செய்யலாம் என்பதற்குத்தான் கட்டுப்பாடு உள்ளது. இந்தியர்கள் கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலைப் பராமரிப்பு போன்ற துறைகளில் வொர்க் பெர்மிட் பெறலாம். ஆனால் சேவைத்துறை, உற்பத்தித்துறை ஆகியவற்றில் இந்தியருக்குப் பொதுவாக வொர்க் பெர்மிட் கிடையாது. 2023 செப்டம்பர் முதல், குறிப்பிட்ட சில பணிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. பற்றவைப்பாளர், தகட்டு வேலையாளர், விடுதித் துப்புரவுப் பணியாளர் போன்றோர் அதில் அடங்குவர். 2025 செப்டம்பர் முதல் கனரக வாகன ஓட்டுநர், ஆலை இயந்திர இயக்குநர், சமையல்காரர் ஆகியோரும் சேர்க்கப்பட்டனர். இந்தப் பணிகளுக்கு மாதச் சம்பளம் குறைந்தது 2,000 டாலராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இதன் பொருள் எளிது. 'சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை, வொர்க் பெர்மிட், மாதம் 1,200 டாலர்' என வாட்ஸ்ஆப்பில் வரும் விளம்பரம், இந்தியர் ஒருவருக்குச் சிங்கப்பூர் விதிப்படி கிடைக்கவே முடியாத வேலையைக் குறிக்கிறது. துறையையும் நாட்டையும் பொருத்திப் பார்த்தாலே அது பொய் எனத் தெரிந்துவிடும்.

அனுமதிக் கடிதமே ஆதாரம்

சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம் விண்ணப்பத்தை ஏற்றபின் ஐபிஏ எனப்படும் முதற்கட்ட அனுமதிக் கடிதத்தை வழங்குகிறது. அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் ஆகியவை அதில் குறிப்பிடப்பட்டிருக்கும். வொர்க் பெர்மிட் தொழிலாளிக்கு அவர் தாய்மொழியில் அமைந்த கடிதத்தைப் புறப்படும் முன்பே முதலாளி அனுப்ப வேண்டும் என்பது விதி. முகவர் வாயால் கூறும் தொகையோ, வேறு தாளில் எழுதித் தரும் தொகையோ பின்னர் ஏற்கப்படாது. அமைச்சகத்தின் இணையதளத்தில் கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி ஆகியவற்றைக் கொண்டு அனுமதி உண்மையானதா என்பதைத் தொழிலாளியே சரிபார்க்கலாம்.

கடிதத்தில் உள்ள சம்பளத்தைத் தொழிலாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் அமைச்சகத்திற்கான அறிவிப்பும் இன்றி முதலாளி குறைக்க முடியாது. அரசுத் தீர்வை, 5,000 டாலர் பிணைத்தொகை, மருத்துவக் காப்பீடு ஆகியவை முதலாளியின் செலவாகும். அவற்றைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. வேலை தந்ததற்காகவோ, அனுமதியைப் புதுப்பித்ததற்காகவோ முதலாளி பணம் கேட்பது குற்றம். அதற்கு 30,000 டாலர் வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். சிங்கப்பூரில் உள்ள முகவரும், ஒப்பந்தக் காலத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்திற்கு மேல் பெறக் கூடாது.

எஸ் பாஸுக்காக 3,300 டாலர் எனக் காட்டிவிட்டு, வங்கியில் விழும் சம்பளத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் ஏற்பாடுகளும் நடைபெறுவதுண்டு. இதற்கு உடன்படும் தொழிலாளியும், பொய்த் தகவல் அளித்ததற்காக நடவடிக்கைக்கு உள்ளாகி மீண்டும் அந்நாட்டில் வேலை செய்ய முடியாத நிலையை அடையக்கூடும்.

கடனும் சம்பளமும்: ஒரு கணக்கு

கட்டுமானத் துறையில் முதன்முறையாகச் செல்லும் தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 18 டாலர் அடிப்படைக் கூலி எனக் கொண்டால், 26 நாளுக்கு 468 டாலர் ஆகிறது. சிங்கப்பூர் விதிப்படி வாரத்திற்கு 44 மணி நேரத்திற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி தரப்பட வேண்டும். மிகைநேரம் மாதத்திற்கு 72 மணியைத் தாண்டக் கூடாது. அந்த 72 மணி நேரமும் வேலை கிடைத்தால் கூடுதலாகச் சுமார் 265 டாலர் சேரும். மொத்தம் 733 டாலர். ஒரு டாலருக்கு 65 ரூபாய் எனக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 47,600 ரூபாய். உணவு, தொலைபேசி, இதர செலவுகள் போக 30,000 ரூபாய் ஊருக்கு அனுப்ப முடிகிறது என வைத்துக்கொள்ளலாம்.

இவர் நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டியில் 4 லட்சம் ரூபாய் கடன் வாங்கிச் சென்றிருந்தால், முதல் மாதம் வட்டி மட்டும் 12,000 ரூபாய். அனுப்பும் பணம் முழுவதையும் கடனுக்கே கட்டினாலும் அது தீர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்கு ஒரு ரூபாயும் மிஞ்சாது. இரண்டாண்டு அனுமதியில் மீதமிருப்பது ஆறு மாதமே. நடுவில் வேலை போனாலோ, மிகைநேர வேலை குறைந்தாலோ அதுவும் இல்லை. இதே தொழிலாளி ஒரு லட்சம் ரூபாய் கடனில் சென்றிருந்தால் நான்கு மாதங்களில் கடன் தீர்ந்துவிடும். வெளிநாட்டு வேலை ஒரு குடும்பத்தை உயர்த்துமா, அழுத்துமா என்பதைச் சம்பளத்தை விடவும் முகவருக்குக் கொடுத்த தொகையே தீர்மானிக்கிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

2025ஆம் ஆண்டு ஜூலை முதல் வொர்க் பெர்மிட்டில் வேலை செய்யக்கூடிய மொத்த ஆண்டுகளுக்கு இருந்த உச்சவரம்பைச் சிங்கப்பூர் நீக்கியுள்ளது. 63 வயது வரை பணிபுரியலாம். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளைக் கடனின்றிக் கடக்கும் தொழிலாளி, திறன் சான்றிதழ்களைப் பெற்று உயர்ந்த கூலிக்குச் செல்லும் வாய்ப்பு முன்பைவிடக் கூடியுள்ளது. கட்டுமானத் தொழிலுக்கான திறன் தேர்வை இந்தியாவில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட மையங்களிலேயே எழுதலாம்.

பிற நாடுகள்: கவனிக்க வேண்டிய தொகைகள்

கத்தாரில் 2021ஆம் ஆண்டு மார்ச் முதல், வீட்டுப் பணியாளர் உள்பட அனைவருக்கும் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,000 ரியால். முதலாளி தங்குமிடமும் உணவும் தராவிட்டால் முறையே 500, 300 ரியால் கூடுதலாக வழங்க வேண்டும். மலேசியாவில் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. சிறு நிறுவனங்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஆனால் வீட்டுப் பணியாளர்களுக்கு இது பொருந்தாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலிப்பதை 2021ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. வருகை விசாவில் வந்து வேலை பார்ப்பது அந்நாட்டில் சட்டவிரோதம்.

வழக்கமான நாடுகளுக்கு அப்பால், கம்போடியா, மியான்மர், லாவோஸ் ஆகிய நாடுகளில் 'டேட்டா என்ட்ரி' வேலை எனக் கூறிப் பட்டதாரி இளைஞர்களை அழைத்துச் சென்று, இணைய மோசடிக் கும்பல்களிடம் ஒப்படைக்கும் போக்கும் உள்ளது. 2024ஆம் ஆண்டு மே மாதம் விசாகப்பட்டினம் காவல்துறை இத்தகைய ஆள்கடத்தல் வலையமைப்பை வெளிக்கொணர்ந்ததை அடுத்து, கம்போடியாவில் சிக்கியிருந்த இந்தியர்கள் மீட்கப்பட்டனர். தகுதிக்கு மிஞ்சிய சம்பளம், நேர்காணல் இன்றி வேலை, சுற்றுலா விசாவில் பயணம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிவிடுவதே நல்லது.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

ஈ.சி.ஆர். கடவுச்சீட்டில் செல்வோருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனம் நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் வரை வழங்கும் இக்காப்பீட்டின் பிரீமியம், வரி நீங்கலாக இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் மட்டுமே. 2024ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் ஏற்பட்ட தீ விபத்தில் 45 இந்தியர்கள் உயிரிழந்தனர். குடும்பத்தின் ஒரே வருவாயாளர் வெளிநாடு செல்லும்போது காப்பீடு எத்துணை அவசியம் என்பதை அவ்விபத்து உணர்த்தியது. ஆந்திர மாநில அரசின் கீழ் இயங்கும் ஏபிஎன்ஆர்டி சங்கமும் வெளிநாடுவாழ் ஆந்திரர்களுக்கென 'பிரவாசாந்திர பரோசா' என்ற காப்பீட்டை நடத்துகிறது.

அங்குள்ள சட்டம், பழக்கவழக்கம், உரிமைகள் ஆகியவற்றை விளக்கும் ஒரு நாள் பயிற்சியை வெளியுறவு அமைச்சகம் இலவசமாக அளிக்கிறது. விசா, ஒப்பந்தம், முகவர் ரசீது, கடவுச்சீட்டின் முதல், கடைசிப் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் ஒருவரிடம் இருக்க வேண்டும். முதலாளியின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண் ஆகியவையும் அவரிடம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஏமாற்றப்பட்டால் எங்கே செல்வது?

பதிவின்றி ஆள் சேர்ப்பது குடிபெயர்வுச் சட்டத்தின் 10ஆம் பிரிவுக்கு முரணானது. 24ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். பணம் பறித்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின் கீழ் மோசடியாகவும், சுரண்டலுக்காக அழைத்துச் சென்றிருந்தால் 143ஆம் பிரிவின் கீழ் ஆள்கடத்தலாகவும் வழக்குப் பதியலாம். புகாரை உள்ளூர்க் காவல் நிலையத்திலேயே அளிக்கலாம். முகவரின் அலுவலகம் சென்னையிலோ ஹைதராபாத்திலோ இருப்பதைக் காரணம் காட்டிப் புகாரை மறுக்க முடியாது.

வெளிநாட்டில் சிக்கியிருப்போர் சார்பில் குடும்பத்தினர் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் முறையிடலாம். பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண் நாள் முழுவதும் செயல்படுகிறது. துபாய், ரியாத், ஜித்தா, கோலாலம்பூர் ஆகிய நகரங்களிலும் இம்மையங்கள் உள்ளன. சிங்கப்பூரில் சம்பளம் தரப்படாத தொழிலாளர்கள் மனிதவள அமைச்சகத்திலும் புலம்பெயர்ந்த தொழிலாளர் மையத்திலும் தமிழிலேயே உதவி பெறலாம்.

சட்டத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் புறப்படுவதற்கு முந்தைய நாட்களில்தான் வலுவாக உள்ளது. முகவரின் பதிவு எண், விசாவின் பிரிவு, கடிதத்தில் எழுதப்பட்ட அடிப்படைச் சம்பளம் ஆகிய மூன்றையும் பார்க்க அரை நாள் போதும். அதைச் செய்யாமல் விட்டால், கடனை அடைக்கவே ஆண்டுகள் கழியும் நிலை ஏற்படலாம்.